அப்டேட்: காம்போசிஷன் கட்டுரைல சி மைனஸ் வாங்கினேன்னு எழுதியிருந்தேன்ல

போன மாசம் புலம்பியிருந்தேன், இங்க அமெரிக்கால காலேஜ் முதல் வருஷ காம்போசிஷன் (கட்டுரை எழுதப் பழக்கற) கிளாஸ்ல என் முதல் கட்டுரை ஓரத்துல "உன் வாதம் எங்க?"ன்னு எழுதித் திருப்பிக் குடுத்துட்டாங்கன்னு. நீங்க சொன்னபடியே ஆபீஸ் அவர்ஸ் (டீச்சரைத் தனியா பாத்து சந்தேகம் கேக்கற நேரம்) போனேன். மேடம் என் முதல் வரியை மட்டும் சத்தமா படிக்கச் சொன்னாங்க, "நூலகங்கள் சமூகத்துக்கு முக்கியமானவை". இதை யாராவது மறுப்பாங்களான்னு கேட்டாங்க. அங்கதான் புரிஞ்சுது, நம்ம ஸ்கூல்ல முன்னுரை பொருளுரை முடிவுரைன்னு எழுதி எழுதி, யாரும் மறுக்கவே முடியாததைத்தான் நான் இத்தனை நாளா எழுதிட்டு இருந்திருக்கேன்.

இப்ப தீசிஸை, அதாவது கட்டுரையோட மைய வாதத்தை, மாத்திட்டேன்: லேட் ஃபைன் வாங்கறது புத்தகத்தைத் திரும்பக் கொண்டுவரலை, வசதி இல்லாதவங்களைத்தான் விரட்டுது. சிகாகோ பொது நூலகம் 2019ல ஃபைனையே எடுத்ததை உதாரணமா வச்சு, எதிர்த்தரப்புக்கும் ஒரு பாரா குடுத்து பதில் சொன்னேன், அந்தப் பாராவை மட்டும் நாலு தடவை திருத்தினேன். எம்எல்ஏ சைட்டேஷன்ல (மேற்கோளை எங்கேர்ந்து எடுத்தோம்னு குறிக்கற ஒரு முறை) இருந்த பிரச்சனையும் தீர்ந்துச்சு, அடைப்புக்குறில ஆசிரியரோட கடைசிப் பேரும் பக்க எண்ணும் போதும், நடுவுல கமா கூடாது.

ரிவிஷனுக்கு பி பிளஸ்! பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றி.