மதர்போர்டு மாற்றினால் விண்டோஸை அழித்தே ஆக வேண்டுமா?

அச்சகத்தார்:
சின்ன அச்சகம் நடத்துகிறேன். டிசைன் போடும் கணினியில் மதர்போர்டு போய்விட்டது. 6ஆம் தலைமுறை இன்டெல், எச்110 போர்டு. அதே போர்டைத் தேடி அலைய விருப்பமில்லாமல் பி550 போர்டும் ரைசன் 5 5600-ம் வாங்கிவிட்டேன். எஸ்எஸ்டி நன்றாக இருக்கிறது. அதில் விண்டோஸ் 10, ஏகப்பட்ட எழுத்துருக்கள், பழைய தமிழ்த் தட்டச்சு மென்பொருள் எல்லாம் உண்டு. அப்படியே மாட்டினால் ஓடுமா? கடைக்காரர் ஃபார்மட் பண்ணியே தீர வேண்டும் என்கிறார்.

திருகாணி:
கடைக்காரர் சொல்வதே சரி. இன்டெல்லில் இருந்து ஏஎம்டிக்குப் போகிறீர்கள். சிப்செட், லேன், ஆடியோ எதுவும் பழையது இல்லை. இன்று பூட் ஆகும், அடுத்த வாரம் நீலத்திரை வரும். அப்போது எதனால் என்று எங்கே போய்த் தேடுவீர்கள்?

மின்மினி:
அண்ணா இன்னும் எக்ஸ்பி காலத்திலேயே இருக்கிறார். அதில் டிஸ்க் கன்ட்ரோலர் மாறினால் 7பி என்ற நீலத்திரைப் பிழையோடு நின்றுவிடும், உண்மைதான். விண்டோஸ் 10-ல் டிஸ்க்கைப் படிக்கத் தேவையான ஏஎச்சிஐ, என்விஎம்இ டிரைவர்கள் கூடவே வருகின்றன. முதல் பூட்டில் புது வன்பொருளைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். பழைய சாதனம் இல்லையென்றால் அதன் டிரைவர் ஏறவே ஏறாது. டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொன்னால் மங்கலாகத் தெரியும், அழித்துவிடலாம்.

திருகாணி:
எல்லா டிரைவரும் அப்படி இல்லை தம்பி. போர்டு நிறுவனங்கள் தரும் ஃபேன், ஓவர்கிளாக் மென்பொருட்கள் சாதனம் இருக்கிறதா என்று பார்க்காமலே டிரைவரை ஏற்றும். தொல்லை அங்கிருந்துதான் வரும். ஆக்டிவேஷனும் போய்விடும்.

மின்மினி:
அந்த மென்பொருட்களைக் கழற்றிவிட்டால் போயிற்று. ஆக்டிவேஷனுக்கும் ஃபார்மட்டுக்கும் என்ன சம்பந்தம்? கணினியோடு சேர்ந்தே வரும் ஓஇஎம் உரிமம் என்றால் பழைய போர்டோடு முடிந்தது, நீங்கள் சுத்தமாக நிறுவினாலும் திரும்பாது. தனியாக வாங்கிய ரீடெயில் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால், 2016-ல் வந்த 1607 பதிப்பு முதல் ஆக்டிவேஷன் டிரபிள்ஷூட்டரில் ‘வன்பொருளை மாற்றினேன்’ என்று சொல்லி மீட்க வழி உண்டு.

நள்ளிரவு நிர்வாகி:
சண்டையில் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். டிஸ்க்கின் பார்ட்டிஷன் அமைப்பு பழைய எம்பிஆரா, புதிய ஜிபிடியா? பழைய கணினியில் லெகசி என்ற பழைய பூட் முறையில் நிறுவியிருந்தால், புதுப் போர்டில் அந்தப் பழைய முறையை ஏற்கும் சிஎஸ்எம் அமைப்பு அணைந்திருக்கும்போது எஸ்எஸ்டி பூட் பட்டியலிலேயே வராது. பலர் இதைப் பார்த்துவிட்டுத்தான் ‘விண்டோஸ் செத்துவிட்டது’ என்று ஃபார்மட் பண்ணுகிறார்கள். சிஎஸ்எம்மை இயக்கினால் பூட் ஆகும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால் விண்டோஸ் நிறுவல் பென்டிரைவில் பூட் செய்து, ஷிஃப்ட் எஃப்10 அழுத்தி, எம்பிஆர்2ஜிபிடி கட்டளையால் மாற்றலாம். மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தால் அது மறுத்துவிடும். எதற்கும் முன்னால் எஸ்எஸ்டியை முழுதாகக் குளோன் (அச்சு அசலான நகல்) எடுத்துவிடுங்கள்.

பின் (PIN) எண் போட்டு விண்டோஸுக்குள் நுழைபவர் என்றால் கடவுச்சொல்லும் நினைவிருக்கட்டும். புதுப் போர்டில் பின் எண் வேலை செய்யாமல் போகலாம். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டவர்கள் 48 இலக்க மீட்புச் சாவி இல்லாமல் போர்டில் கையே வைக்காதீர்கள். உங்களுக்கு அது இருக்காது என்று நினைக்கிறேன்.

திருகாணி:
இவ்வளவு பாடு எதற்கு? விண்டோஸ் 10-க்கான ஆதரவே 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. நேராக 11 போடுங்கள்.

மின்மினி:
ஜிபிடிக்கு மாற்றி, பயாஸில் 11 கேட்கும் எஃப்டிபிஎம் பாதுகாப்பு வசதியை இயக்கிவிட்டால் இதே நிறுவலின் மேலேயே 11-க்கு ஏறலாம். எழுத்துருக்கள் எங்கும் போகாது.

அச்சகத்தார்:
குளோன் எடுத்தேன். எம்பிஆர்தான் இருந்தது, மாற்றியபின் பூட் ஆகிவிட்டது. லேன் மட்டும் வேலை செய்யவில்லை. போனை யூஎஸ்பியில் இணைத்து, அந்த இணையத்தில் டிரைவர் இறக்கினேன். எழுத்துருக்கள் அப்படியே இருக்கின்றன. உரிமம் ஓஇஎம்தானாம், புதுக் கீ வாங்க வேண்டும்.

திருகாணி:
கீக்குக் காசு கொடுக்கத்தான் போகிறீர்கள். அதைச் சுத்தமான 11-லேயே போட்டிருக்கலாம்.

மின்மினி:
அந்தத் தட்டச்சு மென்பொருளின் சீடியை நீங்கள் தேடித் தருவீர்களா அண்ணா?