எலக்ட்ரிக் கிட்டார் பிக்கப்: நீலகிரியில் வாசிப்பவர்களின் அனுபவப் பகிர்வு

குன்னூரிலிருந்து

ஐப்பசி, கார்த்திகையில் குன்னூரில் மழை வலுத்ததும், கிட்டார் முன்போல ஒலிக்கவில்லை, தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பிக்கப்பை மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டு யாராவது வந்துவிடுவார்கள். ஓய்வு நேரத்தில் கிட்டார்களைச் சரிசெய்து கொடுப்பவன் நான். சென்ற மழைக்காலத்தில் வந்த ஒருவரைப் பற்றி மட்டும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

கட்டபெட்டுப் பக்கத்திலிருந்து வந்த அந்தத் தம்பி தேவாலயப் பாடகர் குழுவில் வாசிப்பவர். அவருடையது மூன்று சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப்புகள் கொண்ட ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைக் கிட்டார். தடித்த ஈ தந்தியைப் பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பிக்கு) மேலே அழுத்தினால் சுருதி நிற்பதில்லை என்றும், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜில் எவ்வளவு திருத்தியும் சரிப்படவில்லை என்றும் சொன்னார். வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒரே தந்தியிலிருந்து இரண்டு சுருதிகள் எழுந்து ஒன்றோடொன்று உரசுவதுபோல ஒலி அலைந்தது. கிட்டாரைப் பக்கவாட்டில் தூக்கிப் பார்த்தபோதே காரணம் தெரிந்துவிட்டது. நெருக்கி வைத்தால் சத்தம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மூன்று பிக்கப்புகளையும் தந்தியில் இடிக்காத குறையாக உயர்த்தி வைத்திருந்தார்.

நெருங்கினால் சத்தம் கூடும் என்பதில் தவறில்லை. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. காந்தத்தைச் சுற்றிப் பல ஆயிரம் சுற்றுகளாக ஓடும் செம்புக் கம்பியில் அதனால் மின்னழுத்தம் பிறக்கிறது. ஆனால் இந்த வகைப் பிக்கப்பில் தந்திக்குக் கீழே நிற்கும் ஆறு கம்பங்களுமே அல்னிகோ என்ற உலோகக் கலவையாலான காந்தங்கள் என்பதால், அவை தந்தியின் அதிர்வை வாங்குவதோடு நில்லாமல் தந்தியையே தம் பக்கம் இழுக்கின்றன. தந்தி மேலும் கீழும் ஒரு விதமாகவும் பக்கவாட்டில் வேறு விதமாகவும் அதிரத் தொடங்கும்போது, நாம் கேட்ட அந்த இரட்டைச் சுருதி வருகிறது. கழுத்தை ஒட்டியுள்ள நெக் பிக்கப்பில், அதுவும் தடித்த தந்தியில், இந்தக் கோளாறு மிகுதி. இதை, பிரிட்ஜில் தந்தியின் நீளத்தைத் திருத்தும் இன்டொனேஷன் திருகாணியால் தீர்க்க முடியாது.

பிக்கப்பைத் தொடும் முன் நெக்கின், அதாவது கிட்டார் கழுத்தின், வளைவைப் பார்த்தேன். மழை மாதங்களில் மரம் ஈரத்தை வாங்கினால் நெக் அசையும், தந்தியின் உயரம் மாறும், அதனுடன் பிக்கப்புக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியும் மாறும். மாசி வெயிலில் செய்த அமைப்பு கார்த்திகையில் அப்படியே இருக்கும் என்று மலையில் இருப்பவர்கள் நம்பக் கூடாது. நெக்கைச் சரிசெய்த பிறகு, தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் காந்தக் கம்பத்தின் தலைக்கும் இடையே அளந்தேன். இதற்கு எஃகு அளவுகோல் உதவாது; காந்தம் அதைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும். பள்ளிப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் அளவுகோலே நல்லது. பழைய பாணி சிங்கிள் காயிலுக்குத் தடித்த தந்திப் பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய தந்திப் பக்கம் 2 மில்லிமீட்டர் என்று தொடங்கி, அதன் பிறகு காதுக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளலாம்.

முதலில் நெக் பிக்கப்பைத் தாழ்த்தி, அதில் சுருதி தெளிந்த பிறகு, பிரிட்ஜ் பிக்கப்பைக் கால் திருகு, அரைத் திருகாக உயர்த்தி இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்தினேன். பிரிட்ஜின் அருகில் தந்தியின் வீச்சு குறைவு என்பதால் அங்கே இடைவெளி குறைவாக இருப்பதுதான் முறை. அதன் பிறகு வாசித்தபோது ஈ தந்தி ஒரே சுருதியில் நின்றது. அதைவிட, அந்தத் தம்பி எதிர்பார்க்காத ஒரு மென்மையும் ஒலியில் வந்தது. ஜி தந்தி மட்டும் இன்னும் முந்திக்கொண்டு ஒலித்தது. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்த காலத்தில் ஜி தந்தியும் சுற்றுக்கம்பித் தந்தியாகவே இருந்ததால், அதற்குரிய கம்பத்தை உயரமாக வைத்தார்கள். ஜி தந்தி சுற்றில்லாத வெறும் கம்பியாக மாறிய பிறகும் பழைய பாணிப் பிக்கப்புகளில் அந்த உயரம் அப்படியே தொடர்கிறது. கம்பத்தைக் கீழே தள்ளிவிடலாமா என்று கேட்டார். கூடாது. அந்த வகையில் செம்புக் கம்பியைக் காந்தத்தின் மேலேயே சுற்றியிருப்பார்கள். 42ஆம் எண் கம்பியின் கனம் 0.06 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும், கம்பம் நகர்ந்தால் அது அறுந்துபோகும். புதுப் பிக்கப்புக்கென்று கொண்டுவந்த பணத்தில் ஒரு செட் தந்தி மட்டும் வாங்கிக்கொண்டு அவர் ஊர் திரும்பினார்.

உதகையிலிருந்து

குன்னூர் அண்ணன் எழுதியதில் எனக்கு மறுப்பில்லை என்றாலும், உயரத்தைத் திருத்தித் தீராத ஒன்று உண்டு, அது இரைச்சல். படகர் கிராமம் ஒன்றில் திருமண இரவு ஆட்டத்துக்கு வாசிக்கப் போயிருந்தேன். பந்தல் முழுவதும் சீரியல் விளக்குகள், நடுவில் மழையால் மின்சாரம் நின்று இன்வெர்ட்டருக்கு மாறினார்கள். சிங்கிள் காயிலில் ஏற்கெனவே இருந்த 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் அந்த நொடியில் கரகரப்பாக மாறி, பாட்டு நின்ற இடங்களில் எல்லாம் என் கிட்டார் மட்டும் கேட்டது. விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் சீரான சைன் அலையைத் தராததால்தான் அந்தக் கரகரப்பு.

பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்சை, இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிக்கும் இரண்டாம் இடத்துக்குத் தள்ளியதும் பெரும்பகுதி அடங்கியது. என் கிட்டாரில் நடுப் பிக்கப் எதிர்த் திசையில் சுற்றப்பட்டு, எதிர்த் துருவக் காந்தத்துடன் இருப்பதால், இரண்டாம், நான்காம் இடங்களில் இரண்டு சுருள்கள் சேர்ந்து வெளி இரைச்சலை ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப்பின் தத்துவமும் இதுவே. அது 1957 முதல் கிட்டார்களில் பொருத்தப்பட்டது. மேடையில் விளக்குகளுக்கு நடுவே அடிக்கடி வாசிப்பவர்களுக்கு ஹம்பக்கர் அல்லது ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருள் அடுக்கிய வகை தேவை என்பதே என் கருத்து. உச்ச ஒலியில் மினுமினுப்பு சற்றுக் குறையும். திருமண ஆட்டத்தில் அதை யாரும் தேடப் போவதில்லை.

எந்தப் பிக்கப்பாக இருந்தாலும், பழைய பங்களாக்களிலும் எஸ்டேட் வீடுகளிலும் வாசிப்பவர்கள் முதலில் பிளக் பாயின்டில் எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். இது ஒலிக்காக மட்டும் சொல்வதல்ல. தந்தியைத் தொட்ட கையுடன் மைக்கில் உதடு படும்போது ஷாக் அடித்த அனுபவம் இங்கே பலருக்கு உண்டு.

கூடலூரிலிருந்து

என் அக்கா மகன் கோவையில் படிக்கிறான். அங்கே ஒரு கடையில் புதுப் பிக்கப் ஒன்றைக் காட்டி, ‘இது 16 கிலோ ஓம், உங்களுடையது 8தான், இரண்டு மடங்கு சத்தம் வரும்’ என்று சொல்லியிருக்கிறார்கள். வாங்கும் முன் என்னைக் கேட்டதால் தப்பித்தான். ஓம் என்பது கம்பியின் மின்தடை மட்டுமே. அதே சுற்று எண்ணிக்கைக்கு 42க்குப் பதிலாக இன்னும் மெல்லிய 43ஆம் எண் கம்பியைச் சுற்றினாலே அந்த எண் ஏறிவிடும். கிரெட்ஷ் கிட்டார்களில் வரும் ஃபில்டர்ட்ரான் பிக்கப்பின் தடை 4 கிலோ ஓம் அளவில்தான். அதைப் பலவீனமானது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரே வகை, ஒரே கம்பி, ஒரே காந்தம் உள்ள இரண்டை ஒப்பிடும்போதுதான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. சுற்று ஏற ஏறச் சத்தத்துடன் நடு ஒலியும் தடிக்கும், உச்ச ஒலி மங்கும் என்பதையும் கடைக்காரர்கள் சொல்வதில்லை.

அவனுக்கு வேண்டியிருந்ததோ தெளிவான ஒலி. திறந்து பார்த்ததில், ஹம்பக்கர் உள்ள அவனுடைய கிட்டாரில் 250 கிலோ ஓம் வால்யூம் பாட் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மாறு மின்தடை) இருந்தது. அதை 500ஆக மாற்றி, நீளமான கேபிளைப் பாதியாகக் குறைத்தோம். கேபிள் நீள நீள அதன் மின்தேக்கம் கூடி உச்ச ஒலியை விழுங்கும். அதன் பிறகு பழைய பிக்கப்பையே வைத்துக்கொண்டான்.

குன்னூரிலிருந்து மீண்டும்

கூடலூர் நண்பர் சொன்னதை ஒட்டி ஒன்று. பாட் மாற்றியும் போதாமல் புதுப் பிக்கப் வாங்கியே தீருவது என்று முடிவு செய்பவர்கள், பழையதைக் கழற்றும் முன் எந்த ஒயர் எங்கே போகிறது என்று ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொருத்திய பின் இரண்டு பிக்கப்புகளையும் சேர்த்து வாசிக்கும்போது ஒலி மெலிந்து, அடி ஒலியே இல்லாமல் போனால், இரண்டும் எதிரெதிர் ஃபேஸில் இருக்கின்றன, அதாவது ஒன்றின் அலை ஏறும்போது மற்றதன் அலை இறங்குகிறது என்று பொருள். பிக்கப் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்ப வேண்டாம். பெரும்பாலான சிங்கிள் காயிலில் இரண்டு ஒயர்களை இடம் மாற்றினால் போதும். உலோக மூடி போட்ட, பின்னல் ஒயர் உள்ள பழைய பாணி ஹம்பக்கரில் மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். மூடியும் பின்னலும் சிக்னல் பக்கம் போய்விட, கை பட்டவுடன் இரையும்.