கார்டில் 100 என்று போட்டிருக்கிறது, 4கே வீடியோ மட்டும் பாதியில் நிற்கிறது, ஏன்?

வெயில்பட்சி:
128 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு ஒன்று வாங்கி, அடாப்டரில் போட்டுக் கேமராவில் மாட்டினேன். போட்டோவெல்லாம் சரியாக விழுகிறது, 4கே வீடியோ எடுத்தால் மட்டும் கொஞ்ச நேரத்திலேயே ரெக்கார்டிங் தானாக நின்றுவிடுகிறது. கேமராவில் 100 எம்பிபிஎஸ்தான் வைத்திருக்கிறேன், கார்டிலும் 100 என்றுதான் இருக்கிறது, அப்புறம் என்ன பிரச்சினை? கம்ப்யூட்டரில் செருகினால் வேறு 119 ஜிபிதான் காட்டுகிறது. டூப்ளிகேட்டா?

பழையலென்ஸ்:
அந்த இரண்டு 100-ம் ஒன்றில்லை. கேமரா சொல்வது மெகாபிட், கார்டு சொல்வது மெகாபைட். 8 பிட் ஒரு பைட் என்பதால் உங்கள் வீடியோவுக்கு நொடிக்கு 12.5 எம்பி எழுதினால் போதும். ஆனால் கார்டில் கொட்டை எழுத்தில் அச்சடிப்பது பெரும்பாலும் படிக்கிற வேகம், அதுவும் உச்சபட்சம். எழுதும் வேகம் இன்ன அளவுக்குக் கீழே இறங்காது என்கிற உத்தரவாதம் பொடி எழுத்தில்தான் இருக்கும். யு எழுத்தின் வயிற்றுக்குள் இருப்பது 1-ஆ 3-ஆ பாருங்கள்.

வெயில்பட்சி:
1 தான். பக்கத்தில் வட்டம் மாதிரி ஒன்றுக்குள் 10, ஏ1 என்றும் இருக்கிறது.

பழையலென்ஸ்:
அதேதான். யு1, அந்த 10 இரண்டுக்குமே உறுதி நொடிக்கு 10 எம்பி மட்டும். யு3 அல்லது வி30 போட்டதை வாங்குங்கள், 30 எம்பி உறுதி. வி90 எல்லாம் உங்களுக்குக் காசு தண்டம். ஏ1 என்பது போனில் கார்டிலிருந்தே ஆப் ஓட்டுபவர்களுக்கு, கேமராவுக்கு அதனால் லாபமில்லை.

சில்லுக்கடை:
119 சரியான கணக்குதான். கம்பெனிக்கு 1 ஜிபி என்றால் 100 கோடி பைட், விண்டோஸ் 1024-ஆல் மூன்று முறை வகுத்துக் காட்டுகிறது. டூப்ளிகேட் கார்டும் கூசாமல் இதே 119-ஐக் காட்டும், உள்ளே இருப்பது 8 ஜிபியாக இருக்கலாம், அது நிரம்பியபின் எழுதுவதெல்லாம் போச்சு. சந்தேகமிருந்தால் விண்டோஸ் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக் அல்லது லினக்ஸ் என்றால் எஃப்3 என்கிற சோதனை மென்பொருளை ஓட்டுங்கள், கார்டு முழுக்க எழுதித் திரும்பப் படித்துப் பார்க்கும். நேரம் பிடிக்கும், இருக்கிற படங்களை முதலில் காப்பி எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

வெயில்பட்சி:
நன்றி. இந்தக் கார்டை அப்பாவின் பழைய கேமராவில் போடலாமா? அதில் எஸ்டிஎச்சி என்று மட்டும் இருக்கிறது.

சில்லுக்கடை:
அது 32 ஜிபி வரைதான். 128 என்பது எஸ்டிஎக்ஸ்சி, எடுக்காது. இதை ஃபுல் எச்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவுக்கு ஒரு 16 ஜிபி வாங்கிக் கொடுங்கள்.