மின்கருவியின் பெயர்ப்பலகையில் ‘பிளேம்புரூஃப்’ (உள்ளே வெடித்தாலும் தீயை வெளியே விடாத பெட்டி) என்று இருந்தும் உறுத்திய சம்பவங்கள்: பகிருங்கள்

கிளாண்ட்காரன்:
சால்வென்ட் கலக்கும் அறை, சோன் 1, அதாவது வழக்கமான வேலையிலேயே வெடிக்கும் வாயு அவ்வப்போது வரக்கூடிய இடம். எல்லாமே பிளேம்புரூஃப், சான்றிதழ்கள் ஃபைலில் வரிசையாக இருந்தன. சப்ளை கொடுப்பதற்கு முன் ஒரு சுற்று பார்க்கப் போனேன். ஜங்ஷன் பாக்ஸில் கேபிள் வராத துளை ஒன்றில் சிவப்பு பிளாஸ்டிக் மூடி. தயாரிப்பாளர் அனுப்பும்போது தூசி போகாமலிருக்க மாட்டி விடுவார்களே, அதேதான். கட்டைவிரலால் அழுத்தினேன், டப்பென்று உள்ளே விழுந்துவிட்டது.

வாயு பாக்ஸுக்குள் போகத்தான் போகும். உள்ளே வெடித்தாலும் பாக்ஸ் தாங்கும், தீ இணைப்பின் இடுக்கு வழியாக வரும்போதே அடங்கிவிடும். அதற்குத்தானே இவ்வளவு கனம். இப்படி ஓட்டை விட்டால் அந்தக் கனம் எதற்கு? வயரிங்கை முடித்துக் கையெழுத்துப் போட்டவர், “மூடிதான் இருக்கே சார்” என்றார். இன்னும் ஆறவில்லை.

பேட்டரிரூம்:
எங்களுடையது வேறு தலைவலி. ஹைட்ரஜன் வரும் இடம். ஹைட்ரஜன் மாதிரி மிகக் குறுகிய இடுக்கிலும் தீ நுழையும் வாயுக்களுக்கான குரூப் டூ-சி கேட்டோம், வந்தது அதற்குக் கீழான டூ-பி, டி-6. டி என்பது கருவியின் மேற்பரப்புச் சூட்டுக்கான வரம்பு, டி-1இல் அதிகம், டி-6இல் மிகக் குறைவு. சப்ளையரின் ஆள் பலகையைத் துணியால் துடைத்துக் காட்டி, “டி-6 சார், இதுக்கு மேல கிளாஸே கிடையாது” என்கிறார். ஹைட்ரஜன் தானாகப் பற்ற 500 டிகிரிக்கு மேல் வேண்டும், அதற்கு டி-1 கூடப் போதும். சிக்கல் சூட்டில் இல்லை, டூ-பிக்கு விட்ட இடுக்கில் ஹைட்ரஜன் தீ நுழைந்து வெளியே வந்துவிடும். இரண்டும் தனித்தனிக் கணக்கு என்று நான் சொல்லச் சொல்ல, அவர் விரல் டி-6 மேலேயே இருந்தது. திருப்பி அனுப்பிவிட்டோம்.

என்னைக் கேட்டால் இந்த வம்பே வேண்டாம். ஆலை முழுக்க டூ-சி டி-6 என்று ஒரே ஆர்டராகப் போட்டுவிடுங்கள்.

சைலோவாசி:
பேட்டரிரூம், கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. எங்கள் சைலோ மேல்தளத்திலும் டூ-சி விளக்குதான், டி-4. அதன் மேல் ஸ்டார்ச் தூசி விரல் கனத்துக்கு உட்கார்ந்திருந்தது. பிரஷ்ஷால் தள்ளினால் மேலே வெள்ளை, கண்ணாடியை ஒட்டிய அடுக்கு மட்டும் பழுப்பு. லேசாகக் கருகல் வாடை வேறு. டி-4 என்றால் உச்சம் 135 டிகிரிதான், சரி. ஆனால் அது தூசி மூடாத மேற்பரப்புக்குச் சொன்னது.

வாயுவுக்கு வாங்கிய சான்று தூசிக்குச் செல்லாது. தூசி மேகம் எவ்வளவு அடிக்கடி வரும் என்பதை வைத்து தூசிக்கு சோன் 20, 21, 22 என்று தனி. குரூப்பும் தனி: நார் என்றால் த்ரீ-ஏ, மின்சாரம் கடத்தாத தூசி த்ரீ-பி, கடத்தும் தூசி த்ரீ-சி. யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 5 மி.மீ. அடுக்கு பற்றும் வெப்பநிலையில் 75 டிகிரி கழியுங்கள். தூசி மேகம் பற்றும் வெப்பநிலையில் மூன்றில் இரண்டு பங்கு எடுங்கள். இரண்டில் எது குறைவோ அதைக் கருவியின் மேற்பரப்பு தாண்டக் கூடாது. அடுக்கு அதைவிடக் கனமாகச் சேருமானால் இந்தக் கணக்கும் உதவாது. அப்புறம் சுற்றுப்புறச் சூடு. பலகையில் எதுவும் போடவில்லை என்றால் மைனஸ் 20 முதல் 40 டிகிரி வரை என்று அர்த்தம். பாய்லர் பக்கம் 40 எங்கே நிற்கிறது? மோட்டாரை டிரைவில் (வேகத்தை மாற்றும் கருவி) ஓட்டுவதாக இருந்தால் அந்தச் சான்றில் டிரைவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வேகத்தைக் குறைத்தால் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், மோட்டார் சூடேறும்.

பேட்டரிரூம்:
நான் சொன்னது வாயு ஆலைக்கு. ஸ்டார்ச்சை யார் இழுத்தது?

ஈரத்துணி:
சண்டை முடிந்தால் ஒன்று சொல்கிறேன். சான்றிதழ் எண்ணின் கடைசியில் ‘எக்ஸ்’ என்ற எழுத்து இருந்தால் பின்பக்கத்தைப் படியுங்கள். எங்கள் பிளாஸ்டிக் கண்ட்ரோல் ஸ்டேஷனில் அது இருந்தது. நிலைமின்சாரம் ஏறும், ஈரத்துணியால் மட்டும் துடைக்கவும் என்பதுதான் நிபந்தனை. விருந்தினர் வருகிறார்கள் என்று ஒரு பையன் காய்ந்த பனியனால் பளபளவென்று தேய்த்துக்கொண்டிருந்தான். கிட்டப் போனால் சடசட சத்தம் கேட்டது. நல்லவேளை, அன்று ஆலை ஷட்டவுனில் இருந்தது.

சைலோவாசி:
கிளாண்ட்காரன், கடைசியில் அந்தத் துளைக்கு என்ன போட்டீர்கள்?

கிளாண்ட்காரன்:
பிளேம்புரூஃப் சான்றுள்ள பித்தளை பிளக். அதிலும் முதலில் ஸ்டோரிலிருந்து எம்20 (20 மி.மீ. மெட்ரிக் மரை) கொண்டுவந்தார்கள், துளை அரை அங்குல என்பிடி (கூம்பிச் செல்லும் அங்குல மரை). போட்டால் ஏதோ பிடித்த மாதிரி இருக்கும், ஆட்டினால் ஆடும். குறைந்தது ஐந்து மரைகளாவது முழுசாகப் பிடிக்க வேண்டும். சரியான பிளக் வரும்வரை சப்ளை கொடுக்கவில்லை. உற்பத்திப் பிரிவு போனில் கத்தியதை இங்கே எழுத முடியாது.