புதுப்பிப்பு: ராயபுரத்து நீலக்கல் ஓரிகன் இல்ல

போன மாசம் கேட்டிருந்தேனே, ராயபுரம் பழைய சாமான் கடையில வாங்கின கேவன்சைட்ங்கிற நீலக் கனிமம், அதோட சீட்டுல 'ஓரிகன், அமெரிக்கா'ன்னு போட்டிருக்கு, நம்பலாமான்னு. விடை கிடைச்சிடுச்சு: புனே பக்கத்துல வாகோலி கல்குவாரி!

நிலவியல் வாத்தியார் ஒருத்தர் லென்ஸ் வச்சுப் பார்த்தார். ஸ்டில்பைட்ங்கிற வெள்ளைக் கனிமத்து மேல பட்டாணி அளவு நீல உருண்டைங்க, ஒவ்வொண்ணும் ஊசி ஊசியா விரிஞ்சிருக்கு. 1967-ல கேவன்சைட்டை முதல்ல கண்டுபிடிச்சது ஓரிகன்லதான். ஆனா அங்க கிடைக்கிறது ரொம்பப் பொடிசு. இவ்ளோ பெரிய உருண்டைன்னா தக்காண எரிமலைப் பாறைப் பொந்துல விளைஞ்சதுதான்னார்.

பெட்டியடிச் சீட்டை வெந்நீர்த் துணியால ஒத்தி உரிச்சேன். அடியில பென்சில்ல, மராத்தியில, 'வாகோலி'. கை நடுங்கிடுச்சு.

அன்னிக்கே வாகோலின்னு சொன்ன திருவொற்றியூர் அண்ணே, ரொம்ப நன்றி. புதுச் சீட்டு எழுதி ஒட்டிட்டேன். பழசும் பெட்டிக்குள்ளயே இருக்கு.