வசனம் வாசித்தும் மனம் ஆறவில்லை என்றால், எதை வாசிப்பது?

ஈசூன்வாசி (கேள்வி):
அன்பர்களுக்கு வணக்கம். என் நிறுவனத்தில் ஆட்குறைப்பு வரும் என்ற பேச்சு பல மாதங்களாக அடிபடுகிறது. பக்கவாதத்தால் படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். மகளுக்கு இது தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு ஆண்டு. இரவில் அப்பாவைப் புரட்டிப் படுக்கவைத்த பிறகு எனக்கு உறக்கம் பிடிப்பதில்லை. சபை நண்பர்கள் காலைதோறும் பூப்படத்தின்மேல் வேதாகம வசனம் பொறித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அவர்களுடைய அன்பில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும், "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்" என்று பிலிப்பியர் நிருபத்தில் (கடிதத்தில்) வாசிக்கும்போது, கவலைப்படுவதே விசுவாசக் குறைவோ என்று இன்னொரு கவலையும் வந்து சேர்கிறது. நெருக்கடியில் இருப்பவன் வேதத்தில் எந்தப் பகுதியைத் திறப்பது, அதை எப்படி வாசிப்பது?

ஓய்வுபெற்ற ஆசிரியை:
தம்பி, அந்த வசனத்தைப் படத்திலிருந்து எடுத்து, நிருபத்திற்குள் மறுபடியும் வைத்து வாசித்துப் பாருங்கள். நான்கே அதிகாரங்கள்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். அதை எழுதிய பவுல் கட்டப்பட்டுச் சிறையில் இருக்கிறார். அவருக்கு உதவ வந்த எப்பாப்பிரோதீத்து சாகும் தருவாய்வரை வியாதிப்பட்டுப் பிழைத்ததைப் பற்றி இரண்டாம் அதிகாரத்தில் சொல்லும்போது, தனக்குத் "துக்கத்தின்மேல் துக்கம்" வராதபடி தேவன் இரங்கினார் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்திலோ, தான் பட்ட அடிகளையும் கப்பற்சேதங்களையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, எல்லாச் சபைகளைக் குறித்த கவலையும் தன்னை நாள்தோறும் நெருக்குவதாகச் சொல்கிறார். ஆகவே, கவலையே அறியாத ஒருவர் உங்களுக்குக் கட்டளை போடுவதாக அந்த வசனத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன் பிற்பகுதி, விண்ணப்பங்களைத் தேவனுக்குத் தெரியப்படுத்தச் சொல்கிறது. கவலை இல்லாதவருக்கு விண்ணப்பம் எதற்கு?

ஓஃபிர் ரோடு அன்பர்:
லூர்து மாதா ஆலயத்தில் தமிழ்த் திருப்பலிக்குச் செல்லும் கத்தோலிக்கன் நான். ஆசிரியை அம்மா சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். திருப்பாடல்கள் (நீங்கள் சங்கீதங்கள் என்பவை) 150இல் வேறெந்த வகையையும்விடப் புலம்பல் பாடல்களே அதிகம் என்று அறிஞர்கள் வகைப்படுத்துகிறார்கள். நம்மிடையே பகிரப்படுவதோ பெரும்பாலும் 23ஆம் பாடலும் 91ஆம் பாடலுமே. 13ஆம் பாடல், ஆண்டவர் இன்னும் எவ்வளவு காலம் தன்னை மறந்திருப்பார் என்ற கேள்வியோடு தொடங்கி, ஆறே வசனங்களில் நம்பிக்கைக்கு வந்துவிடுகிறது. 88ஆம் பாடல் அப்படியும் வருவதில்லை. நண்பர்கள் விலகிப்போன இருளிலேயே முடிந்துவிடுகிறது. எங்கள் திருச்சபை அதை ஒதுக்கிவைக்கவில்லை; வெள்ளிக்கிழமை இரவு மன்றாட்டிலேயே சேர்த்திருக்கிறது. இருளில் முடியும் புலம்பலையும் இறைவேண்டலாக ஏற்றுக்கொண்ட ஒரு நூலின் முன்னால் சிரித்த முகத்தோடுதான் நிற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனக்கு ஆறுதல் தருவது இதுதான்.

இரவுப்பணித் தாதி:
ஓஃபிர் ரோடு அண்ணன் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் உறக்கமற்றவர் நள்ளிரவில் தனியாக உட்கார்ந்து 88ஆம் சங்கீதம் வாசிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அதைப் பகலில் வாசியுங்கள், முடிந்தால் துணையோடு. இரவுக்கு 4ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் போதும்.

1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்டுவிட்டுப் படுத்துத் தூங்குகிறான். வந்த தூதன் அவனைக் கடிந்துகொள்ளவுமில்லை, அறிவுரை சொல்லவுமில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் இருக்கின்றன, சாப்பிடு என்கிறான். எலியா மறுபடி தூங்குகிறான், மறுபடி சாப்பாடு. ஓரேப் மலையில் தேவன் பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். வாரத்தில் சில இரவுகளாவது அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கும் வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்றுக்கொள்ளட்டும். உறக்கமின்மை நீடித்தால் பலதுறை மருந்தக மருத்துவரிடம் சொல்லுங்கள். மனம் தாங்க முடியாத நேரத்தில் சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். இவற்றை விசுவாசக் குறைவென்று யாராவது சொன்னால், அந்த அடையை அவர்களுக்கு நினைவுபடுத்துங்கள்.

ஈசூன்வாசி:
மூவருக்கும் நன்றி. இன்று மதியம் அப்பாவின் கட்டிலருகே அமர்ந்து 13ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசித்தேன். அவருக்குப் பேச்சு வருவதில்லை; கேட்டாரா என்று தெரியவில்லை.

இரவுப்பணித் தாதி:
அவர் இளமையிலிருந்து மனப்பாடமாக வைத்திருக்கும் பகுதியை எடுத்து வாசியுங்கள். ஞானப்பாட்டாக இருந்தாலும் சரி. பக்கவாதத்தால் பேச்சிழந்தவர்களில் சிலருக்கு, தாமாக ஒரு வாக்கியம் அமைக்க வராவிட்டாலும், பழகிய ஜெபமும் பாட்டும் வாயில் வந்துவிடுவது உண்டு. நிறுத்தி நிறுத்தி வாசித்து, அவர் சேர்ந்து சொல்ல முயன்றால் இடைவெளி விடுங்கள். அடுத்த முறை பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கும்போது இதைக் குறிப்பிடுங்கள். அந்தப் பகுதியையே வைத்துப் பயிற்சி தர முடியுமா என்று அவர் பார்ப்பார்.