கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி ஏத்துறோமே, எதை எதிர்பார்த்து?

சருகணி மகள்
நவம்பர் 2 அன்னைக்கு எங்க அக்காவோட கல்லறைக்கு அம்மா சுண்ணாம்பு அடிச்சு, செவ்வந்தி மாலை போட்டு, ஃபாதர் வந்து மந்திரிச்சு தீர்த்தம் தெளிச்சுட்டுப் போனதும் பக்கத்துல நின்ன சொந்தக்காரங்க ஒருத்தங்க "ஆத்துமா மோட்சம் போயிருச்சு, இந்த மண்ணுல இனி என்ன இருக்கு"ன்னு சொன்னாங்க. எனக்கு அது சுத்தமா ஒத்துக்கல. ஞாயித்துக்கெழம பூசையில "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்"னு, அதாவது செத்தவங்க உடம்போட எந்திரிப்பாங்கன்னு, எல்லாரும் சத்தமா சொல்றோம், ஆத்துமா மட்டும் தப்பிச்சுப் போறதுதான் விஷயம்னா அந்த வரி எதுக்கு? அப்போஸ்தலர் பவுல் மரணத்தைக் கடைசி சத்துருன்னுதான் பைபிள்ல சொல்றாரு (1 கொரிந்தியர் 15:26), நண்பன்னு சொல்லல.

புதுவயல் சகோதரன்
சிஸ்டர், உயிர்த்தெழுதல் உண்டு, ஆமென். ஆனா நம்ம தேசம் பரலோகம். பூமியும் அதுல உள்ள கிரியைகளும் எரிஞ்சு போகும்னு 2 பேதுரு 3:10 தெளிவாச் சொல்லுது. எரியப்போற வீட்டுக்கு யாராவது வெள்ளையடிப்பாங்களா?

சருகணி மகள்
பிரதர் 10-ஓட நிறுத்திட்டீங்க, 13-ஐயும் படிங்க, நீதி வாசமாயிருக்கிற புதிய வானம் புதிய பூமின்னு இருக்கு. வெளிப்படுத்தல் 21-ல நாம மேல போகல, நகரம்தான் கீழ இறங்கி வருது, கடவுள் மனுசங்களோட வந்து தங்குறாரு. ரோமர் 8-ல படைப்பு முழுக்க அழிவோட அடிமைத்தனத்துல இருந்து விடுதலை ஆகும்னு வருது, தூக்கி எறியப்படும்னு எங்கயும் வரல.

கண்டனூர்காரன்
ஓரமா நின்னு படிச்சுக்கிட்டிருந்தேன், நான் சைவக் குடும்பம், தப்பா எடுத்துக்காதீங்க தங்கச்சி. எங்க அய்யாவை எரிச்சு சாம்பலை ராமேஸ்வரத்துல கரைச்சோம். உங்க கணக்குப்படி அவரு எதுல இருந்து எந்திரிப்பாரு? அதோட, பொறந்து பொறந்து அலுத்துப்போய் இந்தப் பிறவி போதும்டா சாமின்னு கும்பிடுறவங்க நாங்க, திரும்பவும் உடம்பு வேணும்னு கேக்குறதே பெரிய பந்தமால்ல இருக்கு.

சருகணி மகள்
அண்ணே நல்ல கேள்வி. சாம்பல் கடவுளுக்குத் தடையில்ல, ஆதித் திருச்சபையில உயிரோட எரிக்கப்பட்டவங்களும் இந்த நம்பிக்கையிலதான் செத்தாங்க. கத்தோலிக்கத் திருச்சபை 1963-லயே எரிக்க அனுமதி குடுத்துருச்சு, 2016-ல வந்த ரோமாபுரி அறிக்கையில சாம்பலைத் தூவாம ஒரு புனித இடத்துல வைக்கச் சொன்னாங்க, அவ்வளவுதான். பவுல் விதையைத்தான் சொல்றாரு, போட்டது அப்படியே வராது, ஆனா நெல்லு போட்ட எடத்துல நெல்லுதான் வரும், வேற ஆள் வர மாட்டாங்க. நீங்க சொல்ற மறுபிறவி இல்ல இது, அதே ஆளு, ஒரே தடவை, திரும்பச் சாவு கிடையாது. எங்க அக்காவுக்கு சின்ன வயசுல போலியோ, ஒரு கால் சூம்பிப்போச்சு, படிக்கட்டு ஏறும்போது தொடையில கையை ஊனி ஊனித்தான் ஏறுவா, அந்தக் கை தேய்ஞ்சு தேய்ஞ்சு பாவாடையில அந்த எடம் மட்டும் வெளுத்துக் கெடக்கும். அவ வலியில்லாம எந்திரிச்சு வரணும், அவளாவே வரணும், அதான் என் நம்பிக்கை.

காரைக்குடி டீச்சர்
வலி போகணும்மா, ஒத்துக்கிறேன். ஆனா "உயிர்த்தெழும்போது எல்லாம் சரியாகிடும்"னு என் பையனைப் பாத்துச் சொல்றவங்க அவன் இப்ப ஏதோ பாதி ஆள் மாதிரி பேசுறாங்க, அவனுக்குக் காது கேக்காது, கையாலயே உலகத்தைப் பேசிருவான். இயேசு உயிர்த்து வந்தப்பவும் கையில ஆணித்தழும்பு இருந்துச்சு, விலாவுல காயம் இருந்துச்சு, சந்தேகப்பட்ட சீடர் தோமாவைத் தொட்டுப் பாக்கச் சொன்னாரு. பொரிச்ச மீன் வாங்கிச் சாப்பிட்டாரு. தழும்போட வந்த உடம்புதான் மகிமையான உடம்பு.

சருகணி மகள்
டீச்சர், அக்கா அவளாவே வரணும்னு நான் சொன்னதுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. எதை வச்சுக்கணும் எதை ஆத்தணும்னு அவளைப் படைச்சவருக்குத் தெரியும்.

புதுவயல் சகோதரன்
எல்லாம் உருக்கமா இருக்கு, ஆனா முக்கியமானதை விட்டுட்டீங்க. யாருக்கு இந்த மீட்பு? மனுக்குலம் மொத்தத்துக்கும்னா, சிலருக்கு நித்திய ஆக்கினை, நீதிமான்களுக்கு நித்திய ஜீவன்னு சொல்ற மத்தேயு 25:46-ஐக் கிழிச்சுப் போட்டுருவோமா? சபைச் சரித்திரத்துலயே ஓரிஜன்ங்கிற ஆதிச்சபை வேத அறிஞர் எல்லாரும் கடைசியில திரும்புவாங்கன்னு சொல்லப்போய் 6-ஆம் நூற்றாண்டுல அவரு போதனையைக் கண்டிச்சாங்களே.

சருகணி மகள்
கண்டிச்சாங்க, சரி. ஆனா கிட்டத்தட்ட அதே நம்பிக்கையை எழுதுன ஆதித் திருச்சபை ஆயர் நிசாவின் கிரகோரியாரை இன்னிக்கும் புனிதர்னுதான் கொண்டாடுறோம். எல்லாரும் நிச்சயம் வருவாங்கன்னு அடிச்சுச் சொல்ல எனக்கு அதிகாரமில்ல, நியாயத்தீர்ப்பு உண்டுன்னும் நம்புறேன், ஆனா "கிறிஸ்துவுக்குள் எல்லாரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள்"ங்கிற வசனத்தைப் படிச்சுட்டு எல்லாருக்காகவும் கேக்காம இருக்க முடியல, கண்டனூர் அண்ணனோட அய்யாவுக்காகவும் சேத்துத்தான்.

இன்னொண்ணு பிரதர். நம்ம தமிழ்நாட்டுல சாதிக்கு ஒரு பக்கம்னு சுவர் வச்ச கல்லறைத் தோட்டம் இன்னும் இருக்கு. செத்த பிறகும் பிரிச்சுப் பொதைக்கிறவன் வாயில "உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்" எப்படி வருது? யாருக்கு மீட்புன்னு கேக்குற நம்ம, அந்தச் சுவரை இடிக்கச் சொல்லி எந்தப் பங்குல, எந்தச் சபையில எழுந்து பேசியிருக்கோம்?

புதுவயல் சகோதரன்
சுவர் விஷயத்துல உங்களோட நிக்கிறேன். 25:46-ல இல்ல. அதுக்குப் பதில் இன்னும் வரல சிஸ்டர்.